சிங்கப்பூரில் வயரிங் விதிமுறைத் தேர்வுக்குப் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஊரில் ஐடிஐ முடித்துவிட்டு வந்து ஒன்பது வருடமாக இங்கே வயர் இழுக்கிறேன். டிரங்கிங் (வயர் ஓடும் பெட்டிக்குழாய்) போடுவது, டிபி (மின்விநியோகப் பலகை) கட்டுவது, மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிய வேலை. அப்படியிருந்தும் வயரிங் விதிமுறைத் தேர்வில் முதல் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவைதான் பாஸ். இடையில் பதினான்கு மாதம் போயிற்று, கைக்காசு 2,000 வெள்ளிக்குப் பக்கத்தில் போயிற்று, அதில் பாதிக்கு மேல் செலவழித்தே இருக்க வேண்டாத பணம். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தத் தேர்வு என்று முதலில் தெளிவாகுங்கள்

டார்மிட்டரியில் "எலக்ட்ரிக்கல் டெஸ்ட்" என்று ஒரே பெயரில் வேறு வேறு விஷயங்களைச் சொல்வார்கள். நாம் ஊரிலிருந்து வரும்போதே செய்துவிட்டு வரும் ஸ்கில் டெஸ்ட் ஒன்று, அது கட்டட, கட்டுமான ஆணையத்தின் கீழ் வருவது. அப்புறம் அதே ஆணையத்தின் கோர்டிரேட் பதிவு இருக்கிறது, அது உங்களை உயர்திறன் ஊழியர் வகைக்குக் கொண்டுபோகும், முதலாளி உங்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி (வெளிநாட்டு ஊழியர் வரி) குறையும். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் ஊழியருக்கு லெவி மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. சம்பளம் பற்றிப் பேசப் போகும்போது இந்த 400 வெள்ளி வித்தியாசம் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் இந்த இரண்டும் மின்பணி உரிமம் ஆகாது. உரிமம் தருவது எரிசக்திச் சந்தை ஆணையம். அதில் மூன்று படி உண்டு. எலக்ட்ரீஷியன் 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரை செய்யலாம், டெக்னீஷியன் 150 கேவிஏ வரை வடிவமைக்கலாம், அதற்கு மேலே இன்ஜினியர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு சாக்கெட் பாயின்ட் கூடுதலாகப் போட வேண்டும் என்றாலும் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும், இல்லை அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். ஸ்கில் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தனியாக வீட்டு வேலை எடுக்கிற தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்று எரிந்தால் முதலில் மாட்டுவது அவர்கள்தான். தயவுசெய்து வேண்டாம்.

நான் இங்கே எழுதுவது உரிமத்தை மனதில் வைத்து வயரிங் விதிமுறை படிப்பவர்களுக்கு. கோர்டிரேட் பக்கம் போகிறவர்களுக்கும் 5 முதல் 9 வரையுள்ள பகுதிகள் உதவும்.

2. பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல்

நான் ஏமாந்த இடம் இது. ஒரு பயிற்சி நிலையத்தில் "லைசென்ஸ் எடுக்க உதவும் கோர்ஸ்" என்று சொன்னார்கள். 680 வெள்ளி கட்டினேன், எட்டு ஞாயிறு போனேன், பாடமும் நன்றாகத்தான் நடத்தினார்கள். கடைசியில் பார்த்தால் அந்தச் சான்றிதழ் உரிமத்துக்கு ஏற்றுக்கொள்ளும் தகுதிகளில் இல்லை. "உதவும்" என்ற சொல்லை நான் "போதும்" என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் முதல் வேலையாக எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் உரிமத்துக்கு என்னென்ன தகுதி, எத்தனை வருட அனுபவம் என்று போட்டிருப்பதை முழுதாகப் படியுங்கள். பிறகு உங்கள் ஐடிஐ அல்லது டிப்ளமா சான்றிதழை ஸ்கேன் செய்து, "என்னிடம் இது இருக்கிறது, இந்த கோர்ஸ் சேரப் போகிறேன், இரண்டும் சேர்ந்தால் விண்ணப்பிக்க முடியுமா" என்று நேராகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். "இந்த பேட்ச்சில் இரண்டு இடம்தான் இருக்கு" என்று கவுன்டரில் அவசரப்படுத்துவார்கள், அடுத்த பேட்ச் கட்டாயம் வரும். பதிலை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. காகிதங்கள்

படிப்பைவிட எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான்.

பெயர். ஊர்ச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வந்திருக்கும், பெர்மிட் (வேலை அனுமதி) கார்டில் இரண்டும் சேர்த்து வேறு வரிசையில் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும், கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது. ஊருக்கு லீவில் போகும்போது நோட்டரியிடம் "இரண்டு பெயரும் ஒருவரே" என்று ஒரு அஃபிடவிட் எடுத்து வந்துவிடுங்கள். இங்கே இருந்துகொண்டு அண்ணனையோ அப்பாவையோ அலைய விட்டு வாங்குவது இரண்டு மாத வேலை, நான் அப்படித்தான் வாங்கினேன்.

அனுபவக் கடிதம். கம்பெனி ஹெச்ஆரிடம் கேட்டால் ஒரு மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். என் பெர்மிட்டில் வேலை "கட்டுமான ஊழியர்" என்று இருந்ததால் கடிதத்திலும் அப்படியே வந்தது, மின்வேலை என்ற சொல்லே இல்லை. அதை வைத்து என்ன செய்ய முடியும்? கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை (வயரிங், டிபி பொருத்துதல், டெஸ்டிங்), எந்த வோல்டேஜ், சுமார் எத்தனை கேவிஏ இன்ஸ்டலேஷன், யார் மேற்பார்வை என்று இருக்க வேண்டும். மேற்பார்வை செய்த உரிமம் பெற்றவரின் உரிம எண்ணும் கையெழுத்தும் கிடைத்தால் மிக நல்லது. கடிதத்தை நீங்களே எழுதி எடுத்துப் போய், "சார், இப்படி வேண்டும்" என்று கொடுங்கள், பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். முக்கியமாக, கம்பெனி மாறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாறிய பிறகு பழைய சூப்பர்வைசர் போனே எடுக்கமாட்டார்.

மீதி எல்லாம் சாதாரணம்தான்: பாஸ்போர்ட், பெர்மிட் அல்லது அடையாள அட்டை, புகைப்படம், மதிப்பெண் பட்டியல். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

4. செலவு

விளம்பரத்தில் போடும் தொகை முழுத் தொகை இல்லை. நான்கு கேள்வி கேளுங்கள்: 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, நோட்ஸ் தனிக் காசா, தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு. நான்காவதை யாருமே கேட்பதில்லை, தோற்ற அன்றைக்குத்தான் தெரியவரும். இடையில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 25 வயதிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளி உண்டு, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி வந்திருக்கிறது. ஆனால் எல்லா கோர்ஸுக்கும் செல்லாது, அந்த கோர்ஸ் தகுதி பெற்றதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் முதலாளியிடம் பேசிப் பார்க்கலாம். கட்டுகிறேன் என்று அவர் சொன்னால், அதற்குப் பதிலாக எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. சரியான புத்தகம்

இப்போது நடப்பில் உள்ள சிங்கப்பூர் வயரிங் தரநிலைப் புத்தகம் எஸ்எஸ் 638. 2018-ல் வந்தது. அதற்கு முன்பு இருந்தது சிபி 5. வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப், அண்ணன்மார் கொடுக்கும் ஜெராக்ஸ் நோட்ஸ் எல்லாம் பெரும்பாலும் 1998-ஆம் வருட சிபி 5-ஐ வைத்து எழுதியவை. முதல் தடவை நான் படித்தது அதைத்தான். அதில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (வயர் உறையின் மின்தடை) குறைந்தது 0.5 மெகா ஓம் போதும் என்று இருந்தது, புதிய புத்தகம் கேட்பது 1 மெகா ஓம். இப்படி ஒவ்வொரு கேள்வியாக மார்க் போகும்.

புத்தகம் விலை அதிகம். வாங்குவதற்கு முன் தேசிய நூலகத்தில் சிங்கப்பூர்த் தரநிலைகளைப் பார்க்க முடியுமா என்று கவுன்டரில் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கியும் படிக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். பயிற்சி நிலையத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க விடுவார்களா, அட்டவணைகள் மட்டும் தருவார்களா, ஒன்றுமே இல்லையா? நீங்கள் படிக்கும் விதமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

6. மனப்பாடம் வேண்டாம், தேடக் கற்றுக்கொள்ளுங்கள்

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் மூன்றாவது நாள் தூக்கம்தான் வரும். அது அப்படிப் படிக்கிற புத்தகம் இல்லை. பிரிட்டிஷ் வயரிங் விதியைப் பின்பற்றி அமைத்தது, ஏழு பாகம். எண்களைப் பார்த்தாலே எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் இலக்கம் பாகம், இரண்டாவது அத்தியாயம், மூன்றாவது பிரிவு. 4-ல் ஆரம்பித்தால் பாதுகாப்பு, 41 என்றால் ஷாக், 43 என்றால் ஓவர்கரன்ட். 5-ல் ஆரம்பித்தால் பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது, 52 கேபிள், 54 எர்த்திங். 6 முழுக்க இன்ஸ்பெக்ஷனும் டெஸ்டிங்கும். 7 குளியலறை, நீச்சல் குளம், கட்டுமானத் தளம் போன்ற சிறப்பு இடங்கள்.

எங்கள் அறையில் ஒரு நண்பர் இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார். அவருக்கு மின்வேலை தெரியாது, பைப் வேலை செய்பவர். இரவு சாப்பிட்ட பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, "ஷவர் பக்கத்துல ஸ்விட்ச் எங்க வைக்கலாம்?" என்று கேட்பார். நான் பதில் சொல்லக்கூடாது, பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு கேள்விக்கு நான்கைந்து நிமிடம் ஆனது. ஒரு மாதத்தில் 40 விநாடிக்கு வந்தது. புத்தகம் அனுமதிக்காத தேர்வாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், இருபது தடவை தேடி எடுத்த விதி தானாகவே மனதில் நின்றுவிடும்.

இரண்டாம் பாகத்தில் உள்ள சொல் விளக்கங்களை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள். நாம் சைட்டில் எல்லாவற்றையும் "எர்த்" என்கிறோம். புத்தகத்தில் எர்த்திங் வேறு, பாண்டிங் வேறு, நியூட்ரலும் லைவ் கண்டக்டர்தான். கேள்வியிலேயே பாதிப் பேர் தவறுவது இங்கேதான்.

7. கேபிள் சைஸ் கணக்கு: இதில்தான் தேர்வே இருக்கிறது

சைட்டில் சாக்கெட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிள், லைட்டுக்கு 1.5 என்று கேட்காமலே இழுத்துவிடுகிறோம். தேர்வு கேட்பது ஏன் என்று. என் நோட்டில் உள்ள ஒரு கணக்கை அப்படியே தருகிறேன், இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் இதன் தம்பிகள்தான்.

3.3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர், 230 வோல்ட். 20 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்). பிவிசி ஒற்றைக் கோர் கேபிள், சுவரில் போட்ட டிரங்கிங்குக்குள், கூடவே வேறு இரண்டு சர்க்யூட், ஆக மொத்தம் மூன்று. சுற்றுவெப்பம் 35 டிகிரி. நீளம் 18 மீட்டர்.

முதலில் லோடு கரன்ட்: 3300-ஐ 230-ஆல் வகுத்தால் 14.35 ஆம்பியர். எம்சிபி 20, லோடை விடப் பெரியது, சரி. அடுத்து திருத்தக் காரணிகள், அதாவது சூடும் நெருக்கமும் கேபிள் தாங்கும் கரன்ட்டைக் குறைப்பதைக் காட்டும் எண்கள். 35 டிகிரிக்கு 0.94, மூன்று சர்க்யூட் ஒன்றாகப் போவதற்கு 0.70. இரண்டையும் பெருக்கினால் 0.658. இப்போது 20-ஐ 0.658-ஆல் வகுங்கள், 30.4 ஆம்பியர். அட்டவணையில் டிரங்கிங்குக்கான நெடுவரிசையில் பாருங்கள்: 2.5 ஸ்கொயர் எம்எம் தாங்குவது 24 ஆம்பியர், 4 ஸ்கொயர் எம்எம் தாங்குவது 32. ஆக 4 ஸ்கொயர் எம்எம். சைட்டில் யோசிக்காமல் 2.5 இழுத்திருப்போம்.

பொறி எங்கே என்றால், 20-க்குப் பதில் 14.35-ஐ வகுத்தால் 21.8 வரும், அப்போது 2.5 கேபிளே போதும் போலத் தெரியும். அந்தத் தவறான விடையும் நான்கு விடைகளில் ஒன்றாக அங்கே காத்திருக்கும், நீங்கள் கணக்கு சரியாகிவிட்டது என்று நம்பி அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். நான் முதல் தடவை இப்படிக் குறைந்தது மூன்று கேள்வி விட்டேன். ஓவர்லோடுக்குப் பாதுகாப்பு அந்த எம்சிபிதான் என்றால் வகுக்க வேண்டியது எம்சிபி அளவைத்தான்.

கடைசியாக வோல்டேஜ் டிராப். 4 ஸ்கொயர் எம்எம்-க்கு ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 11 மில்லிவோல்ட். 11 பெருக்கல் 14.35 பெருக்கல் 18, ஆயிரத்தால் வகுத்தால் 2.84 வோல்ட். இங்கே மட்டும் லோடு கரன்ட்டைத்தான் போட வேண்டும், எம்சிபி அளவை இல்லை. இந்த இரண்டு இடத்தையும் மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

8. ஊர்ப் பழக்கத்தைக் கழற்றி வையுங்கள்

நிறம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. இங்கேயும் முன்பு அப்படித்தான். 2009 மார்ச் 1-லிருந்து மாறிவிட்டது: ஃபேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம், எர்த் பச்சை மஞ்சள். அதாவது ஊரில் நியூட்ரலாக இருந்த கறுப்பு இங்கே ஃபேஸ், ஊரில் ஃபேஸாக இருந்த நீலம் இங்கே நியூட்ரல். பழைய கடைவீட்டில் ஒரு டிபியைத் திறந்தபோது மேலிருந்து வரும் கறுப்பு பழைய வயர், கீழே போகும் கறுப்பு புதிய வயர், இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நிறத்தை நம்பித் தொட்டிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தேர்விலும் இதைக் கேட்பார்கள், ஆனால் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

வோல்டேஜும் அப்படித்தான். 240, 415 என்று ஊரில் சொல்லிப் பழகியவர்கள் இங்கே 230, 400 என்று போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கணக்கும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போகும்.

எம்சிபி வகை: பி டைப் அதன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கு கரன்ட்டில் உடனே விழும் (அணைந்துவிடும்), சி டைப் 5 முதல் 10 மடங்கில். 20 ஆம்பியர் பி டைப்புக்கு ஃபால்ட் கரன்ட் 100 ஆம்பியர் வந்தால் போதும், சி டைப்புக்கு 200 வேண்டும். ஆகவே சி டைப் போட்டால் எர்த் லூப் இம்பீடன்ஸ் (ஃபால்ட் கரன்ட் போய்த் திரும்பும் பாதையின் மின்தடை) பாதிக்குள் இருக்க வேண்டும். கடையில் இருந்ததை வாங்கி மாட்டினோம் என்பது இந்தத் தேர்வில் எடுபடாது.

ஆர்சிசிபி (மின்கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச்) ஓவர்லோடுக்கு விழாது, ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழாது, எர்த் பக்கம் கரன்ட் கசிந்தால் மட்டும்தான் விழும். 1985 ஜூலையிலிருந்து கட்டிய வீடுகளில் இது கட்டாயம். அதற்கு முந்தைய வீடுகளிலும் 2023 ஜூலை 1-லிருந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 2025 ஜூலை 1-க்குள், பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை.

9. டெஸ்டிங் வரிசை

வரிசைதான் கேள்வி. சப்ளை கொடுப்பதற்கு முன்: எர்த் கன்டினியுட்டி (வயர் அறுபடாமல் தொடர்கிறதா), ரிங் சர்க்யூட் இருந்தால் அதன் கன்டினியுட்டி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (500 வோல்ட் டிசி), போலாரிட்டி (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா). சப்ளை கொடுத்த பிறகு: எர்த் லூப் இம்பீடன்ஸ், ஆர்சிசிபி. சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதே 30-ல் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும், ஐந்து மடங்கான 150-ல் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும், பாதியான 15-ல் விழவே கூடாது.

ஏன் இந்த வரிசை என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டால் மறக்காது: எர்த் சரியாக இருக்கிறது என்று தெரியாமல் கரன்ட் கொடுத்தால், பழுதுள்ள இடத்தில் கை வைப்பவர்தான் எர்த்.

10. நேரம்

நான்கு மாதம் வையுங்கள், குறைக்காதீர்கள். ஓடி இருக்கும் நாளில் படிக்க முடியாது, ஓடி என்றால் ஓவர்டைம், பத்து மணிக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் கண் சொக்கும். அந்த நாளில் ஒரே ஒரு கேபிள் கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் படுங்கள். ஓடி இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம். ஞாயிறு காலை நூலகம், மதியத்துக்கு மேல் தேக்கா (லிட்டில் இந்தியா). காலையிலேயே தேக்கா போனால் அன்றைக்குப் படிப்பு இல்லை, எனக்குப் பல வாரம் அப்படிப் போயிற்று.

பெர்மிட் முடியும் தேதியைத் தேர்வுத் தேதியோடு வைத்துப் பாருங்கள். ஊர் லீவையும் சேர்த்துப் பாருங்கள், தேர்வு நாள் லீவை சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் கான்கிரீட் போடுகிறார்கள் என்று லீவு மறுத்தால் கட்டணம் திரும்ப வராது. தேதி கிடைத்த அன்றே செய்தியாக அனுப்பி, அவர் "ஓகே" போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

11. தேர்வு நாளும் அதற்கு அப்புறமும்

போன் கால்குலேட்டர் எடுத்துப் போக விடமாட்டார்கள், தனிக் கால்குலேட்டர் வாங்கி இரண்டு வாரமாவது அதிலேயே பழகுங்கள். ஒரிஜினல் அடையாள அட்டை கட்டாயம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான், அதனால் "மஸ்ட்", "ஷல்", "நாட்", "எக்செப்ட்" வரும் இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். "எது தவறு" என்று கேட்டதற்கு "எது சரி" என்று நினைத்துக் குறித்துவிட்டு வருவது நம் ஆட்களிடம் நிறைய உண்டு, நன்றாகப் படித்தவர்களே அப்படித் தோற்றிருக்கிறார்கள். முதல் சுற்றில் கணக்கு இல்லாத கேள்விகளை முடித்துவிடுங்கள், கணக்குகளைப் பிறகு நிதானமாகப் போடலாம்.

பாஸ் ஆனதும் உரிமம் தானாக வந்துவிடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலீஸ் இணையத்தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அங்கேதான் 3-ஆவது பகுதியில் சொன்ன அனுபவக் கடிதமும் பெயர் அஃபிடவிட்டும் மறுபடி கேட்கப்படும். எல்லாவற்றையும் ஒரே ஸ்கேன் கோப்பாக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள், பதில் எழுதுகிறேன். லோடு, எம்சிபி, எத்தனை சர்க்யூட், நீளம், வெப்பம் ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஒன்று விட்டாலும் சரி பார்க்க முடியாது.